ஆனை நடந்த வழி

முதலாம் நாள்: சம்பில்துறை, கந்தரோடை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காட்டு ஆனை இல்லை. அது ஒளிந்து நிற்கிற அளவுக்குக் காடும் இல்லை. ஆனால் நகருக்குள்ளே ஆனைப்பந்தி என்று ஓர் இடம் இருக்கிறது. மானிப்பாய்க்குப் போகிற வழியில் ஆனைக்கோட்டை. குடாநாடு தெற்கே வன்னிப் பெருநிலத்தோடு ஒட்டுகிற கழுத்தில் ஆனையிறவு. சின்ன வயதிலிருந்து இந்த மூன்று பெயர்களையும் சொல்லித்தான் வளர்ந்தோம். எந்த ஆனை, எங்கே போன ஆனை என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் இலங்கைப் படம் கீறும்போது யாழ்ப்பாணம் உச்சியில் ஒரு மூலையாக, வீதி போய் முடிகிற இடமாகவே இருக்கும். மூலைக்கு ஆனையைக் கொண்டுவந்து என்ன செய்வது? வந்த ஆனை இங்கிருந்து எங்கோ போயிருக்க வேண்டும்.

அந்த வழியைப் பார்க்கத்தான் நான்கு நாள் ஒதுக்கியிருக்கிறேன். அநுராதபுரத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த தரைவழி இங்கே எந்தெந்தக் கரையில் கடலோடு சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். துணைக்கு வருபவர் சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி. வயது 72. எங்கள் அப்பு, அப்பாவின் தகப்பன், மாட்டுவண்டிலில் கிளிநொச்சிப் பக்கம் புகையிலை கொண்டுபோய் நெல்லோடு திரும்பியவர். சின்னப் பெடியனாக இருந்தபோது சித்தப்பாவும் அந்த வண்டிலில் போயிருக்கிறார். நான் புத்தகத்தில் படித்த வழியை அவர் சாக்குக்கு மேல் படுத்துக்கொண்டே பார்த்தவர்.

காலையில் மாதகலுக்குப் போய், அங்கிருந்து சம்பில்துறைக்குத் திரும்பினோம். இப்போது அங்கே ஒரு விகாரை நிற்கிறது. தெற்கிலிருந்து பஸ்களில் யாத்திரிகர்கள் வந்திருந்தார்கள். பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம் சொல்லும் ஜம்புகோளத் துறை இதுதான் என்று கொள்கிறார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து அரசன் தேவநம்பியதீசனின் தூதர்கள் இந்தத் துறையில் கப்பல் ஏறி, ஏழு நாளில் தாமிரலிப்தியை அடைந்தார்கள், அங்கிருந்து இன்னும் ஏழு நாளில் அசோகனின் தலைநகர் பாடலிபுத்திரம் போனார்கள் என்கிறது அந்த நூல். தாமிரலிப்தி இன்றைய மேற்கு வங்காளத்தில் இருக்கிறது. பிறகு அசோகனின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கன்றோடு வந்து இறங்கியதும் இங்கேதான்.

எல்லோரும் கப்பலைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வீதி. அரசன் அநுராதபுரத்தின் வடக்கு வாசலிலிருந்து இந்தத் துறை வரைக்கும் வழியைச் செப்பனிட்டு அலங்கரித்தான் என்று வருகிறது. இன்றைய வீதிக் கணக்கில் கிட்டத்தட்ட 200 கிலோமீற்றர். கதையில் பாதியை மிகை என்று தள்ளினாலும், தலைநகரின் வடக்கு வாசலையும் இந்தக் கரையையும் இணைத்து ஒரு வழி இருந்தது என்பது எழுதியவருக்கும் கேட்டவர்களுக்கும் தெரிந்த விஷயமாக இருந்திருக்கிறது. கரை ஆழமில்லாத கரை. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசுகிற நாளிலும் தண்ணீர் குளம் மாதிரிக் கிடந்தது.

அங்கிருந்து கந்தரோடைக்குச் சைக்கிளில் போனாலே ஒரு மணித்தியாலம் போதும். துறையிலிருந்து உள்ளே வந்தால் முதலில் கிடைக்கிற பெரிய பழைய ஊர் அதுதான். முருகைக்கல்லில் செய்த சின்னச் சின்ன தூபிகள், ஒரு வளவுக்குள் கவிழ்த்து வைத்த பானைகள் போல நெருக்கமாக நிற்கின்றன. வரலாற்றாளர் போல் ஈ. பீரிஸ் 1917இல் இங்கே தோண்டத் தொடங்கியபோது முத்திரை குத்திய பழைய இந்திய நாணயங்களும் உரோம நாணயங்களும் கிடைத்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் வந்து தோண்டினார்கள். தூபிகளுக்கும் முந்திய காலத்திலேயே இங்கே ஆட்கள் குடியிருந்தது அப்போது தெரிந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த ஒரு அம்மா, மழைக்குப் பிறகு மண்ணில் மணி பொறுக்குவதைப் பற்றிச் சொன்னார். “முந்தி நாங்கள் சின்னனிலை கோத்துக் கழுத்திலை போட்டு விளையாடினனாங்கள், தம்பி. சிவப்பு மணி. இப்ப ஒண்டும் காணக் கிடையாது.” சூதுபவள மணியைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அந்தக் கல் யாழ்ப்பாணத்து மண்ணில் விளைவதில்லை. யாரோ ஒருவர் கப்பலில் கொண்டுவந்து கரையில் இறக்கி, இந்தத் தோட்ட வெளியில் விற்றிருக்கிறார்.

கந்தரோடைக்குப் பக்கத்தால் வழுக்கையாறு ஓடுகிறது. மாரியில் மட்டும் ஓடி அராலிக் கடலில் விழும். குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது அது ஒன்றுதான். இன்று காய்ந்து, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள்: ஆனையிறவு

விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். “வெயில் ஏற முந்திப் பளையைக் கடக்க வேணும்” என்றார் சித்தப்பா. அது வண்டில்காரர் கணக்கு. அந்த நாளில் இரவில்தான் மாடு பூட்டுவார்களாம். வண்டிலின் கீழே ஒரு லாம்பு தொங்கும், ஒன்றன் பின் ஒன்றாகப் பத்துப் பதினைந்து வண்டில் போகும், பின்னால் போகிறவன் நித்திரை கொண்டாலும் மாடு முன்லாம்பைப் பார்த்து நடக்கும். கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம் என்று நாங்கள் மோட்டார் சைக்கிளில் தாண்டிப் போக, அவர் எந்த மடத்தில் மாடு அவிழ்ப்பார்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று காட்டிக்கொண்டே வந்தார்.

முகமாலையில் கொஞ்சம் நின்றோம். தலை போன பனைகள் இன்னும் சில அப்படியே நிற்கின்றன. 2006 ஆகஸ்டில் போர் மூண்டு இந்த இடத்தில் வழி மூடப்பட்டது. மூன்று வருடத்துக்கு மேல் தெற்கே போகிற ஏ9 வீதி இல்லை, அரிசியும் மாவும் மருந்தும் கப்பலில் வந்தால் உண்டு. சவர்க்காரத்துக்கு வரிசையில் நின்ற காலை நேரங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வழி என்றால் என்ன என்று எங்கள் தலைமுறைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பளை தாண்டினால் காற்றாலைகள், அப்புறம் வெளி. இரண்டு பக்கமும் கடல்நீரேரி வற்றி, உப்புப் பூத்த சேறு வெள்ளையாகக் கிடந்தது. ஆனையிறவு.

பெயரைப் பற்றி எனக்குப் பல நாளாக ஒரு எண்ணம். இறத்தல் என்றால் இப்போது சாதல் மட்டும்தான். பழந்தமிழில் அதற்குக் கடந்து போதல் என்று பொருள். ‘சுரம் இறந்தார்’ என்றால் பாலையைக் கடந்து போனார் என்று அர்த்தம். அப்படிப் பார்த்தால் ஆனையிறவு, ஆனை கடக்கிற இடம். சாவு கலந்த பெயர் என்று நினைத்திருந்தேன். போர் நடந்த காலத்தில் அந்த நினைப்பு இன்னும் இறுகியது. இன்று இந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டு அந்தப் பழைய பொருளைச் சொல்லிப் பார்த்தபோது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஏன் இங்கே கடந்தன? பார்த்தாலே விளங்குகிறது. தண்ணீர் ஆழமில்லை, அடி மணல் பிடிப்பானது, ஒடுங்கிய இடம். வன்னிக் காட்டில் ஆனை பிடிக்கிற பணிக்கர்மார் வார்க்கயிற்றுச் சுருக்குப் போட்டுப் பிடித்த ஆனைகளும், கொப்பம் என்ற குழியிலே விழுத்திப் பிடித்தவையும், கொஞ்சம் பழக்கிய பிறகு பழகிய ஆனைகளோடு சேர்த்து இந்த நீரேரியால் ஓட்டி வரப்பட்டன. தெற்கே கிளிநொச்சிப் பக்கம் ஆனைவிழுந்தான் என்றே ஒரு ஊர் இருக்கிறது. வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியர்கள் யாழ்ப்பாண அரசுக்குத் திறையாகக் கொடுத்தது ஆனை. 1619இல் போர்த்துக்கேயர் அரசைப் பிடித்த பிறகும், 1658இல் ஒல்லாந்தர் வந்த பிறகும் அந்தத் திறை தொடர்ந்தது. ஒல்லாந்தர் காலத்தில் கோல்கொண்டா வியாபாரிகள் யாழ்ப்பாணத்துக்கே வந்து விலை பேசி வாங்கிப் போனார்கள். கொம்பன் ஆனைக்குத் தனி விலை, ஏனென்றால் இலங்கை ஆனைகளில் தந்தம் உள்ளது மிகக் குறைவு. ஆனையிறவு, பெஸ்குட்டர், பைல் என்று மூன்று சிறு கோட்டைகளை ஒல்லாந்தர் வரிசையாக இந்தக் கழுத்தில் வைத்திருந்தார்கள். யார் போகிறார், என்ன கொண்டு போகிறார் என்று பார்க்கிற சோதனைச் சாவடி இந்த இடத்தில் புதிதல்ல.

இதையெல்லாம் சித்தப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டபடி கிழக்குப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, “கொம்படி உந்தப் பக்கம்தான்” என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆனையிறவு வழி மூடியபோது சனம் கொம்படி–ஊரியான் பாதையால்தான் வன்னிக்குப் போய் வந்தது. பாதை என்று பெயர், ஆனால் நீரேரிக்குள்ளால் நடை. சித்தப்பா தன் மூத்த மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். “இடுப்பளவு தண்ணி. சில இடத்திலை நெஞ்சளவு. சைக்கிளைத் தலைக்கு மேலை தூக்கிக்கொண்டு வந்தவையும் இருக்கினம். முன்னுக்குப் போற ஆள் கால் வைச்ச இடத்திலைதான் நாங்கள் கால் வைக்கிறது. சித்திக்குச் செருப்புச் சேத்தோடை போட்டுது, திரும்பிப் பாக்கேல்லை.”

இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் இந்த இடத்தில் நின்று கேட்டதில்லை. எங்கே ஆழமில்லை, எங்கே அடி பிடிப்பானது என்ற அந்த அறிவு, ஆனை ஓட்டினவர்களிடம் இருந்த அதே அறிவு. கடற்கரைச் சனத்திடமும் இறால் பிடிக்கிறவர்களிடமும் அது இருந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒல்லாந்தரின் கோட்டைகள் போன பிறகும், வீதியும் 1905இல் ரயிலும் வந்த பிறகும், அது அழியாமல் கிடந்து, தேவைப்பட்ட அன்றைக்கு ஒரு ஊர்ச் சனத்தையே கடத்திவிட்டது.

திரும்பும்போது கொடிகாமத்தில் அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு ஒரு கட்டு வாங்கினோம். இருவரும் அதிகம் பேசவில்லை.

மூன்றாம் நாள்: பூநகரி, மாந்தை

இன்றைக்குக் குறைவாகவே எழுதுகிறேன். பல்லவராயன்கட்டுக்கு இந்தப் பக்கம் பின் ரயர் காற்றுப் போய், ஒட்டுகிற கடை தேடி இரண்டு மணித்தியாலம் போனது. பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் தன் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வண்டியை ஏற்றிக்கொண்டு போய் விட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். “யாழ்ப்பாணத்திலையிருந்து வந்த ஆக்களை ரோட்டிலை விடலாமோ, ஐயா?” என்று சித்தப்பாவிடம் கேட்டார்.

நாவற்குழியிலிருந்து மன்னாருக்குப் போகிற மேற்குப் பாதை இது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததால் இப்போது நேரே போகலாம். பூநகரிக் கோட்டையில் ஐந்து நிமிடம் நின்றோம். முட்செடிக்குள் ஒரு சுவர்.

பிற்பகலில் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். சுந்தரர் இந்த ஊரைப் பாடும்போது மரக்கலங்கள் நிறைந்த கடல் என்கிறார். கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள மேடும் அகழியும்தான் மாந்தைத் துறைமுகம், மாதோட்டம். தொல்லியலாளர் ஜோன் காஸ்வெல் 1980 தொடங்கி 1984 வரை இங்கே தோண்டினார். சீனச் சட்டிகளும் பாரசீக வளைகுடாப் பக்கத்துப் பாண்டங்களும் ஒரே குழியில் வெளிவந்தன. அருவியாறு அநுராதபுரத்தைத் தொட்டு இந்தக் கரைப் பக்கமாகத்தான் வந்து விழுகிறது, அதனால் தலைநகரத்துக்கு இது மேற்கு வாசல். 11ஆம் நூற்றாண்டோடு அநுராதபுரம் விழுந்து தலைநகர் பொலனறுவைக்குப் போனது. மாந்தையும் தேய்ந்துபோனது.

தேய்ந்த பிறகு கப்பல்கள் எங்கே போயின? நாளைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம். பாலாவியில் கால் நனைத்துவிட்டு இருட்ட முன் திரும்பினோம்.

நான்காம் நாள்: நயினாதீவு, ஊர்காவற்றுறை

பண்ணைப் பாலம் தாண்டியதும் அல்லைப்பிட்டி. வீதியால் போகிறவர் யாரும் நிற்காத இடம். 1977இல் இங்கே கடற்கரை மண்ணில் சோங் அரச காலத்து (10–13ஆம் நூற்றாண்டு) சீனப் பாண்டத் துண்டுகள் வெளிப்பட்டன. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தார் வந்து மறுபடி தோண்டினார்கள். மாந்தை தேய்கிற காலத்தில் இங்கே சீனப் பாண்டம் இறங்கியிருக்கிறது. அதாவது கப்பல்கள் வடக்கே நகர்ந்திருக்கின்றன. அப்படி நகர்ந்ததற்கு எழுத்திலே சாட்சி இருக்கிறது, அதைப் பார்க்கக் குறிகட்டுவானில் படகு ஏறினோம்.

சோளகம் பலமாக இருந்தது. படகு தூக்கித் தூக்கிப் போட்டது. நாகபூஷணி அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கல்வெட்டைப் பார்த்தோம். வெட்டுவித்தவன் 1153இலிருந்து 1186 வரை பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. சிங்கள அரசன், ஆனால் ஆணை தமிழில். ஏனென்றால் அதைப் படிக்க வேண்டியவர்கள், இந்தக் கரையில் இறங்குகிற வணிகர்கள், தமிழ் படித்தவர்கள்.

ஆணை சொல்வது இதுதான். பரதேசிகள், அதாவது வெளிநாட்டு வணிகர்கள், ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனையும் குதிரையும் கொண்டுவருகிற மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுப் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்ற வணிகச் சரக்குக் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் செம்பாதி அரசுக்கு, செம்பாதி உடையவனுக்கு.

நான் இதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். கடலில் இந்த ஆட்டம் ஆடி வந்து படித்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது. கப்பல் உடைந்து எல்லாம் போய்க் கரையில் வந்து கிடக்கிற ஒருவனிடம், உன் பொருளில் உனக்கு இவ்வளவு நிச்சயம் என்று ஒரு கல் சொல்கிறது. ஆனையும் குதிரையும் அரசனுக்கு வேண்டியவை, ஆகவே அந்த வணிகனுக்குச் சலுகை கூட.

சித்தப்பா கேட்டார்: “ஆனை இருக்கிற நாட்டுக்கு ஆனையை ஏன் கொண்டு வந்தவை?” சரியான கேள்வி. பராக்கிரமபாகுவுக்கும் பர்மாவில் இருந்த ராமஞ்ஞ அரசனுக்கும் வந்த பகையை, மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் சொல்கிறது. அந்த அரசன் ஆனை விற்பதை மறித்தான், விலையை ஏற்றினான், அதனால் இங்கிருந்து படை போனது. அப்படியென்றால் இங்கிருந்து ஆனை போனது மட்டுமில்லை, அங்கிருந்தும் வந்தது. மாடு வாங்கி விற்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எங்கள் அப்புவின் தொழுவத்தில் நல்ல மாடு நின்ற நாளிலும் அவர் பருத்தித்துறைப் பக்கம் மாடு பார்க்கப் போவார். “ஓம், அது உண்மை” என்று சித்தப்பா ஒத்துக்கொண்டார்.

ஊராத்துறைதான் ஊர்காவற்றுறை. நயினாதீவிலிருந்து திரும்பி அங்கே வந்தபோது மூன்று மணி. ஆங்கிலத்தில் எழுதுகிற கைற்ஸ் என்ற பெயர் போர்த்துக்கேயர் வைத்தது, துறைமேடை என்று பொருள். ஆனைகளின் துறை என்றே முழுப்பெயராக எழுதினார்கள். வன்னியில் பிடித்து, ஆனையிறவில் கடந்து, குடாநாட்டுக்குள்ளே பந்தி கட்டி வைத்திருந்த ஆனை, இந்தத் துறையில்தான் கப்பல் ஏறியது. சின்ன வயதில் கேட்காத கேள்விக்கு விடை இந்தக் கற்படியில் இருக்கிறது.

இந்த வியாபாரம் போர்த்துக்கேயர் தொடங்கி வைத்ததும் அல்ல. ஏலியன் என்ற உரோமக் காலத்து எழுத்தாளர், இந்தத் தீவினர் தங்கள் காட்டு மரத்திலேயே இதற்கென்று பெரிய படகு கட்டி, ஆனையை எதிர்க்கரைக்குக் கொண்டுபோய்க் கலிங்க அரசனுக்கு விற்றார்கள் என்று எழுதியிருக்கிறார். எந்தத் துறை என்று அவர் பெயர் சொல்லவில்லை.

கடல் நடுவில் கடற்கோட்டை நிற்கிறது. துறையடியில் பாழடைந்த பழைய வீடுகள், இரண்டு தேநீர்க்கடை, வலை காயப்போட்ட மதில். வேறு ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் கோல்கொண்டாக்காரனும் மலையாளத்துக்குப் புகையிலை ஏற்றினவனும் நின்ற இடம். எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு பலகையில் நாலு வரி எழுதி வைத்தாலாவது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசிப்பார்கள்.

காரைநகருக்குப் போகிற மிதவைக்கு இங்கே பெயர் பாதை. “பாதை வருது”, “பாதை போட்டுது” என்பார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட சொல்தான், ஆனால் நான்கு நாள் வழி தேடிய பிறகு கேட்கும்போது நெஞ்சில் போய்த் தைத்தது. எங்கள் ஆட்களுக்குக் கடல் வழியை அறுக்கிற இடமில்லை, வழியின் இன்னொரு துண்டு.

பாதையில் எங்கள் மோட்டார் சைக்கிளை ஏற்றிவிட்டோம். பின்னால் ஒருவர் ஒரு நாம்பனை, இளங்காளையை, கொண்டுவந்தார், வேலணையில் வாங்கியதாம். அது கரை வரைக்கும் நன்றாக வந்தது. பலகையில் முன்கால் வைத்ததும், இடைவெளியில் தண்ணீர் தெரிய, நின்றுவிட்டது. இழுத்தார்கள், தள்ளினார்கள், வாலை முறுக்கினார்கள். அசையவில்லை. பாதைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சித்தப்பா இறங்கிப் போனார். “கயித்தை இளக்கும், தம்பி” என்று உடையவரிடம் சொல்லி, தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து நாம்பனின் கண்ணுக்கு மேலால் கட்டினார். வலை உலர்த்திய இடத்திலிருந்து இரண்டு காய்ந்த தென்னோலையைக் கொண்டுவந்து பலகை மேல் பரப்பச் சொன்னார். அப்புறம் அதன் கழுத்தோடு தன் தோளை ஒட்டிக்கொண்டு, வண்டில் மாட்டோடு கதைக்கிற அந்தக் குரலில் ஏதோ மெல்லச் சொன்னபடி ஒரு அடி வைத்தார். ஓலை சரசரத்தது. நாம்பன் காதை விடைத்துக்கொண்டு நின்று, பிறகு அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்தது.